காட்டு மூலிகையில் எதை எடுத்தால் செடி பிழைக்கும், எதை எடுத்தால் சாகும்?

இளங்காடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச காலமாகக் காட்டு மூலிகைகள் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். எங்கே பார்த்தாலும் "இந்த வேர் இந்த நோய்க்கு, அந்தப் பட்டை அந்த நோய்க்கு" என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். வேரைத் தோண்டிய பிறகு அந்தச் செடி என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை. எல்லோரும் காட்டுக்குள் போய் எடுத்துக்கொண்டே இருந்தால் எவ்வளவு காலம் தாங்கும்? தோட்டத்தில் பயிரிட்டால் காட்டுச் செடியின் வீரியம் வராது என்கிறார்களே, அது உண்மையா?

இன்னொரு விஷயமும் உண்டு. அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். கூடவே மூட்டுவலி. தெரிந்தவர் ஒருவர் காட்டு வேரைப் பொடித்துக் கொண்டுவந்து கொடுத்து, "இயற்கையானது, பக்கவிளைவே இல்லை" என்கிறார். அம்மாவுக்கு அதைச் சாப்பிட ஆசை. எனக்குத் தயக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்ப்பட்டை:

இளங்காடு தம்பி, முதலில் அந்தப் பொடியைத் தள்ளி வையுங்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூலிகை மூலப்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் என் வேலைக்காலம் முழுவதும் போனது. மூட்டைகளில் வரும் வேர், பட்டை, கிழங்கு, விதை எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் பார்த்து இது இன்னதுதான் என்று சொல்ல வேண்டும். அதனால் ஒரு மூலிகையின் பெயரைக் கேட்டால் என் மனதில் முதலில் எழும் கேள்வி, எந்த உறுப்பு என்பதுதான். செடி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அதில் அடங்கிவிடுகிறது.

இலை என்றால் பெரும்பாலும் கவலை குறைவு. கொஞ்சம் விட்டுப் பறித்தால் மறுபடி துளிர்க்கும். ஓராண்டுச் செடிகள்தான் சிக்கல். நிலவேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் செடியையும் எடுக்கிறார்கள். அதன் கசப்புக்கும் மருந்துக் குணத்துக்கும் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு பூக்கத் தொடங்கும் பருவத்தில்தான் நிறைந்திருக்கும். அதாவது விதை விழுவதற்கு முன்பு. மருந்துக்கு நல்ல நேரம் செடியின் வம்சத்துக்குக் கெட்ட நேரமாகிவிடுகிறது. மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் தரும் ஆர்ட்டெமிசியா அன்னுவாவும் அப்படித்தான், பூக்கும் தறுவாயில் அறுக்க வேண்டும். ஓராண்டுச் செடிக்கு அடியில் காத்திருக்கும் கிழங்கு ஏதும் கிடையாது, விதை ஒன்றே வழி. ஆகவே ஒவ்வொரு திட்டிலும் ஒரு பங்கைத் தொடாமல் முற்ற விட வேண்டும். இதைச் செய்கிறவர்கள் இருக்கும் இடத்தில் நிலவேம்பு ஆண்டுதோறும் வருகிறது.

பட்டை வேறு கதை. இலையில் தயாராகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் அந்த வழி அறுந்துபோகிறது. மேலே இலை பச்சையாகவே இருக்கும், கீழே வேர் பட்டினி கிடக்கும், மரம் மெல்ல மெல்லச் சாகும். உரித்தவர் அதைப் பார்க்க அங்கே இருக்க மாட்டார். ஆப்பிரிக்க மலைக்காடுகளில் புரூனஸ் ஆப்பிரிக்கானா என்று ஒரு மரம். வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைப்படுவதற்கு அதன் பட்டைச் சாற்றை ஐரோப்பாவில் நிறையப் பயன்படுத்தினார்கள். கேமரூனிலும் மடகாஸ்கரிலும் மரங்களை முழுக்க உரித்தார்கள், சில இடங்களில் உரிக்க வசதியாக வெட்டியே சாய்த்தார்கள். 1995 முதல் அது, அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வேறு நாட்டுக்குக் கொண்டுபோய் விற்க முடியாது.

இத்தனைக்கும் அந்த மரத்தைக் கொல்லாமல் எடுக்க வழி உண்டு. அடிமரத்தை நான்கு பங்காகப் பாவித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளில் மட்டும் உரிப்பது. உள்ளே புதுப் பட்டையை உண்டாக்கும் வளர்படலத்தில் கத்தி படக்கூடாது. சில ஆண்டுகள் கழித்து, உரித்த இடம் மூடிய பிறகு மற்ற இரண்டு பங்குகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலேரியா மருந்தான குயினைன் தரும் சிங்கோனா மரத் தோட்டங்களை நீலகிரியில் கவனித்த மெக்ஐவர் இதை இன்னும் நுட்பமாகச் செய்தார். பட்டையை நீளவாட்டில் கீற்றுக் கீற்றாக உரித்துவிட்டு, வெறுமையான இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். அந்த ஈரத்தில் புதுப் பட்டை வளர்ந்தது, அதிலும் குயினைன் இருந்தது. மரமும் பிழைத்தது, மருந்தும் கிடைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும், ஏனென்றால் இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்.

வேர்தான் எல்லாவற்றிலும் கொடியது. வேரை எடுத்தால் பெரும்பாலும் செடியே போய்விடும். இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேலே வளரும் சடாமாஞ்சில் ஆண்டில் சில மாதம்தான் வளர முடியும், மீதி நாளெல்லாம் பனி. அந்த விரல் தடிமனான வேர்த்தண்டு உருவாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. கொத்தி எடுக்க ஒரு நிமிடம் போதும். இன்று அது மிகவும் அருகிப்போன இனங்களின் பட்டியலில் இருக்கிறது. சர்ப்பகந்தாவும் அப்படி நொந்த செடிதான். 1952இல் அதன் வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தார்கள், இரத்த அழுத்தத்துக்கு நல்ல மருந்து என்று உலகமே கேட்டது. காடுகளில் இருந்த முழங்கால் உயரச் செடிகள் வேரோடு போயின. 1990இல் அதையும் சைட்டீஸ் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது.

வேரிலும் வழி இருக்கும் இடங்கள் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள வறண்ட மணல்வெளிகளில், குறிப்பாக நமீபியாவில், டெவில்ஸ் கிளா என்ற கொடி இருக்கிறது. மூட்டுவலிக்குப் போகும் சரக்கு. அதற்கு ஆழத்தில் ஒரு தாய்க்கிழங்கும் பக்கவாட்டில் பல சேய்க்கிழங்குகளும் இருக்கும். மருந்துக்கு வேண்டியது சேய்க்கிழங்குதான். தெரிந்தவர்கள் தாயைத் தொடாமல் பக்கத்துக் கிழங்குகளை மட்டும் எடுத்துவிட்டுக் குழியை மூடிவிடுகிறார்கள். அடுத்த மழைக்குக் கொடி திரும்ப எழும்.

எனவே "காடு எவ்வளவு காலம் தாங்கும்" என்ற உங்கள் கேள்விக்கு மொத்தமாக ஒரே பதில் கிடையாது. எந்தச் செடி, எந்த உறுப்பு, எந்தப் பருவம், எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மலைச்சாரல்:

வேர்ப்பட்டை ஐயா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் மூலிகை சேகரிப்பவர்களோடு அலைந்து, எது எங்கே மிஞ்சியிருக்கிறது என்று குறிப்பெடுக்கும் வேலையில் இருக்கிறேன். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் சேகரிப்பவர்களைத்தான் முதலில் குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அமெரிக்காவின் காட்டு ஜின்செங்கைப் பாருங்கள். 1975 முதல் சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதியாகும் காட்டு வேருக்குக் குறைந்தது 5 வயது ஆகியிருக்க வேண்டும். வேரின் கழுத்தில் ஒவ்வோர் ஆண்டுத் தண்டும் உதிரும்போது ஒரு தழும்பு விழும், அதை எண்ணி வயதைச் சொல்லலாம். பழம் சிவக்கும்வரை காத்திருந்து தோண்ட வேண்டும், அந்தப் பழங்களை அதே இடத்தில் புதைக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் விதி. விதை முளைக்கவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். இதை மனசாரச் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு திட்டு யாருடைய பொறுப்பும் இல்லை என்றால் இந்த விதி நிற்காது. "நான் விட்டால் நாளைக்கு இன்னொருவன் வந்து எடுப்பான்" என்ற பயத்திலேயே பிஞ்சு வேரும் போய்விடும். ஒரு காட்டுப் பகுதி இன்ன சமூகத்தின் உரிமை என்று உறுதியாகிவிட்ட இடத்தில்தான் அடுத்த ஆண்டுக்கென்று விட்டுவைக்கும் பழக்கம் நிலைக்கிறது. நான் பார்த்தவரை இது மாறியதே இல்லை.

அறிவுக்கும் உரிமை உண்டு. அகத்தியமலைக் காட்டில் 1987இல் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள், கூட வந்த காணி மக்கள் களைப்பே இல்லாமல் நடப்பதையும் இடையிடையே ஒரு சிறு பழத்தை மெல்வதையும் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடி அது. பிறகு அதிலிருந்து ஒரு மருந்து உருவாகி, 1990களில் உற்பத்தி உரிமம் விற்கப்பட்டபோது, கிடைத்த தொகையில் பாதியைக் காணி மக்களுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தார்கள். உலகத்தில் பலர் எடுத்துக்காட்டும் ஏற்பாடு அது. சிக்கல்களும் வந்தன, குறிப்பாகக் காட்டில் அந்த இலையைப் பறிக்க அனுமதி இல்லாமல் போனது. இருந்தாலும் செடியைக் காட்டிக்கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன்.

பயிரிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதையும் நான் முழுதாக நம்பவில்லை. கோஷ்டம் என்ற இமய மூலிகையில் அது உதவியது. 1985 முதல் அதன் காட்டு வேர் வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை, இப்போது புழங்குவது பெரும்பாலும் பயிர். ஆனால் பயிர் நிலம் வைத்திருப்பவர் கைக்குப் போகும். காட்டை நம்பிப் பிழைத்தவர் நிலம் இல்லாதவர். அவருக்கு என்ன வழி என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

வேர்ப்பட்டை:

நல்ல வார்த்தை சொன்னீர்கள் மலைச்சாரல். பயிரிட்டால் வீரியம் குறையுமா என்ற கேள்விக்கு வருகிறேன், அது பலருக்கும் உள்ள சந்தேகம்.

செடி இந்த வேதிப்பொருள்களை நமக்காகச் செய்யவில்லை. பூச்சியும் பூஞ்சையும் மேயும் விலங்கும் தன்னைத் தின்னாமல் இருக்கச் செய்கிறது. அதனால் மண், நிழல், பருவம், வயது எல்லாவற்றுக்கும் ஏற்ப அளவு ஏறி இறங்கும். காட்டுச் செடி என்பதற்காகக் கூடுதலாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஆர்ட்டெமிசியாவில் தேர்ந்தெடுத்து வளர்த்த பயிர் வகைகளில் பல காட்டுச் செடிகளைவிட ஆர்ட்டெமிசினின் அதிகம். மடகாஸ்கரில் பிறந்த நித்தியகல்யாணி இன்று வெப்பநாடுகள் முழுவதும் பயிராகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அதிலிருந்து வருவதுதான். ஒரு டன் உலர்ந்த இலையில் கிடைப்பது சில கிராம். அதைக் காட்டிலிருந்தே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படி ஆகவிருந்த மரம் ஒன்றும் உண்டு. வட அமெரிக்காவின் பசிபிக் யூ மரப் பட்டையில் டாக்சால் இருப்பதை வால், வானி என்ற இருவர் 1971இல் வெளியிட்டார்கள். 1992இல் அது சூலகப் புற்றுக்கு மருந்தாக அனுமதி பெற்றது. ஒரு கிலோ எடுக்க ஏறத்தாழ 10 டன் பட்டை வேண்டும், மரமோ மிக மெதுவாக வளர்வது, உரித்தால் செத்துவிடும். நோயாளியைக் காப்பாற்றுவதா மரத்தைக் காப்பாற்றுவதா என்று சண்டையே வந்தது. தீர்வு இன்னோர் உறுப்பில் கிடைத்தது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையில் டாக்சாலுக்கு நெருங்கிய ஒரு பொருள் இருந்தது, அதிலிருந்து சில படிகளில் டாக்சாலைச் செய்ய முடிந்தது. ஊசியிலை வெட்ட வெட்ட வளரும். பிறகு செடியின் உயிரணுக்களையே தொட்டியில் வளர்த்து எடுக்கவும் கற்றுக்கொண்டார்கள். பட்டையிலிருந்து இலைக்கு மாறியது ஒரு காட்டைக் காப்பாற்றியது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த சம்பவம் இது.

மருந்தாவது எப்படி என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. சீனாவில் டு யூயூ என்ற ஆய்வாளர் ஆர்ட்டெமிசியாவை ஆராய்ந்தபோது கொதிக்கவைத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பழைய நூல் ஒன்றில் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிய மட்டும் சொல்லி, கொதிக்கவைப்பதைச் சொல்லாததைக் கண்டு, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் பிரித்தெடுத்தார். அது பலித்தது. 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. செடி ஒன்றே, சூட்டைக் குறைக்காமல் இருந்திருந்தால் மருந்து இருந்தும் இல்லாமல் போயிருக்கும். அந்த இலையைத் தேநீராகக் குடித்து மலேரியாவைக் குணப்படுத்தப் பார்க்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு கோப்பையில் எவ்வளவு இருக்கிறதென்று தெரியாது, குறைவான அளவு போனால் நோயும் தீராது, கிருமியும் மருந்துக்குப் பழகிவிடலாம்.

அளவின் அருமையை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் விதரிங் அளவுக்கு யாரும் காட்டவில்லை. இங்கிலாந்துக் காட்டோரங்களில் மலரும் டிஜிட்டாலிஸ் செடி, உடம்பில் நீர்கோத்த நோயாளிகளுக்கு உதவுவதை அவர் ஒரு நாட்டு வைத்தியக் குறிப்பிலிருந்து அறிந்தார். அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன, வேலை செய்வது இது ஒன்றுதான் என்று கண்டுகொண்டார். வேர் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்று விட்டுவிட்டு, பூக்கும் காலத்தில் பறித்த இலையை மட்டும் உலர்த்தி எடைபோட்டுக் கொடுத்தார். குணமானவர்களை மட்டும் எழுதாமல், குணமாகாதவர்களையும் சேர்த்து 1785இல் நூலாக வெளியிட்டார். இந்தச் செடியில் அளவு அவ்வளவு முக்கியம், ஏனென்றால் இதயத்தைத் திடப்படுத்தும் அளவுக்கும் நிறுத்திவிடும் அளவுக்கும் இடையில் தூரம் கொஞ்சம்தான். இன்றும் இந்த இனச் செடியிலிருந்து வரும் டிகாக்சின் மருந்தைக் கொடுக்கும்போது இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கிறார்கள்.

தும்பைப்பூ:

நான் மருந்தாளுநர். தம்பியின் அம்மா பற்றி மட்டும் சொல்கிறேன்.

வார்ஃபரினே ஒரு செடியின் வழி வந்ததுதான். 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்தன. அந்த வைக்கோலில் இருந்த பொருளைத் தேடிக் கண்டுபிடித்ததன் தொடர்ச்சியாக வார்ஃபரின் வந்தது. அதனால் "செடியிலிருந்து வந்தது, ஒன்றும் செய்யாது" என்பது இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சொல்லக்கூடாத பேச்சு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற காட்டுச் செடி கல்லீரலைத் தூண்டி வார்ஃபரினை வேகமாக வெளியேற்றிவிடும். வால்வில் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து வரும். சீன டான்ஷென் வேர் நேர் எதிர், வார்ஃபரினின் வேலையைக் கூட்டி இரத்தக்கசிவைக் கொண்டுவரும். பெயர் தெரியாத பொடியில் எது இருக்கிறதென்று யார் சொல்வது? அம்மாவுக்குப் புதிதாக எது கொடுத்தாலும் முன்னதாக மருத்துவரிடம் சொல்லுங்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறதென்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையைச் சீக்கிரம் பார்க்கச் சொல்வார். அந்தப் பொடி எந்த வேர் என்றாவது கேட்டுப் பாருங்கள்.

இளங்காடு:

எல்லோருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன் அக்கா. ஈசுரமூலி என்கிறார். கருடக்கொடி என்றும் சொன்னார். அவரே பல காலமாகச் சாப்பிடுகிறாராம், நன்றாகத்தான் இருக்கிறாராம்.

வேர்ப்பட்டை:

தம்பி, இதை அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள். சொன்னவரையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஈசுரமூலி அரிஸ்டோலோக்கியா குடும்பத்துக் கொடி. அந்தச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க ஒரு மூலிகைக் கலவையைச் சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஸ்டெஃபானியா என்ற வேர் இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா வேர் வந்துவிட்டதுதான் காரணம். பொடியானபின் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். பலருக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் பிரிவில் இந்த அமிலத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது.

நிறுத்திய பிறகும் சேதம் தொடரக்கூடும். ஆரம்பத்தில் உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் அவர் செய்துகொள்ளட்டும், இன்ன வேர், இவ்வளவு காலம் சாப்பிட்டேன் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். பொடியைக் கொட்டிவிடாமல் ஒரு பொட்டலத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள், சோதிக்க வேண்டி வந்தால் உதவும்.

அம்மா அதில் கொஞ்சமாவது சாப்பிட்டிருக்கிறாரா?

இளங்காடு:

இல்லை ஐயா, பொட்டலம் பிரிக்கவே இல்லை. அவரிடம் இப்போதே பேசுகிறேன், பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன். அம்மாவின் மூட்டுவலியை இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.